கம்பெனி லோனுக்கு தவணை தள்ளி வச்சாச்சு, டெய்லர் லோனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல நம்ம சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி பத்தி 2025 ஆகஸ்ட்ல இருந்து நிறைய வந்துட்டு இருக்குது, நானும் விடாம படிக்கறேன், வேலை இல்லாததால படிக்க நேரமும் கிடைக்குது. எல்லா செய்தியிலயும் ஏற்றுமதியாளருங்க பேசறாங்க, சங்கத்துல பேசறாங்க, டெல்லியில மந்திரிங்க பேசறாங்க. மெஷின்ல உக்காந்து தைக்கற பொம்பளைங்க போட்டோ மட்டும் கூடவே வருது, அந்த பொம்பளை என்ன சொல்றான்னு ஒரு வரி வரல. அதான் நானே எழுதறேன். நீளமாயிருச்சுன்னா வெட்டிக்கங்க, ஆனா கீழ இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, அத பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டிராதீங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டரே.

நான் பேட்லாக் டெய்லர்ங்க, பனியன் துணி ஓரம் மடிச்சு தைக்கற மெஷின் அது. கல்யாணமாகி தேனி பக்கத்துல இருந்து திருப்பூர் வந்தேன், வந்தப்ப கைமடி, அதாவது டெய்லருக்கு கை உதவி, அப்புறம் செக்கிங், அப்புறம் மெஷின் பழகி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்காரர் அயர்னிங். ரெண்டு பேரும் எக்ஸ்போர்ட் கம்பெனிதான், எங்க கம்பெனிக்கு பெரும்பாலும் அமெரிக்கா ஆர்டர். கம்பெனி பேர் போடல, போட்டும் பிரயோசனம் இல்ல, பக்கத்து கேட்டுலயும் அதே கதைதான்.

வரின்னா என்னன்னு எங்க லைன்ல இருக்கற எல்லாருக்கும் இப்ப அத்துப்படி. ஆகஸ்ட் 7-ல 25 சதம் போட்டாங்க, ரஷ்யா எண்ணெய் வாங்கறோம்னு சொல்லி 27-ந் தேதி இன்னொரு 25 ஏத்துனாங்க, மொத்தம் 50. இது போக காட்டன் டிசர்ட்டுக்கு ஏற்கனவே 16.5 சதம் இருக்குது, அதோட சேத்தா 66 தாண்டுச்சு. அப்ப பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் 20 சதம்தான் இருந்துச்சு, பாகிஸ்தானுக்கு 19. இதுல பையர், அதான் சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி, யார்கிட்ட போவான்னு நாங்களே சொல்லிருவோம். திருப்பூர்ல இருந்து வருசத்துக்கு 40,000 கோடிக்கு மேல சரக்கு போகுது, அதுல மூணுல ஒரு பங்கு கிட்ட அமெரிக்காவுக்கு. அந்த ஒரு பங்குல தைக்கறவங்க, கட்டிங், செக்கிங், பேக்கிங், ஜாப் ஒர்க் பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பட்டன் காஜா, வேன் ஓட்டறவர், கேட்டு முன்னாடி தள்ளுவண்டில போண்டா போடற அக்கா வரைக்கும் கணக்கு போட்டுக்கங்க.

27-ந் தேதிக்குள்ள கப்பல் ஏத்திட்டா தப்பிச்சரலாம்னு ஆகஸ்ட்ல எங்கள ராத்திரி பகலா ஓட்டினாங்க. ஒன்றரை ஷிப்ட் தாண்டி ரெண்டு ஷிப்ட், சில நாள் விடியற வரைக்கும். காசு வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, அந்த மாசம் சனிக்கிழமை சம்பளக் கவர் நல்லா கனமா இருந்துச்சு. செப்டம்பர் பொறந்ததும் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், திருப்பூர்ல சம்பளம் மாசக் கணக்குல இல்ல, எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதுக்கு மேல நாலு மணி நேரம் பாத்தா ஒன்றரை, இங்க குடும்பம் ஓடறதே அந்த மேல இருக்கற அரை ஷிப்ட்லதான். ஒரு ஷிப்ட் காசு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் போயிரும், ஸ்கூல் பீஸு, பொம்பளைங்க குழுவா சேந்து வாங்கின கடன் தவணை, ஊருக்கு அனுப்பறது எல்லாம் அந்த அரையிலதான். அரை போனதும் பாதி வாழ்க்கை போச்சு. அப்புறம் வாரத்துக்கு நாலு நாள், அப்புறம் மூணு, தீபாவளிக்கு அக்டோபர் 20 லீவு விட்டாங்க, போறப்ப மேனேஜர் சொன்னது, "ஆர்டர் கன்பார்ம் ஆனதும் நாங்களே கூப்பிடறோம், போன் ஆன்ல வச்சிருங்க."

போன் ஆன்லதான் இருக்குது.

இங்கதான் நான் சொல்ல வந்த விசயம் வருதுங்க. யாரும் எங்கள வேலைய விட்டு எடுக்கல. எடுத்தோம்னு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. கேட்டா "ஆள் குறைப்பே பண்ணலியே, ஆர்டர் இல்ல அவ்வளவுதான்"ன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்றதும் ஒரு வகையில உண்மைதான். ஆனா சட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வேணும்ல. லே-ஆஃப், அதாவது தற்காலிகமா வேலை குடுக்க முடியலன்னு எழுதினா, அம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற பேக்டரியில ஒரு வருசம் சர்வீஸ் இருந்தா அடிப்படைச் சம்பளத்துலயும் பஞ்சப்படியிலயும் பாதி தரணும், இது ரொம்ப வருசமா இருக்கற சட்டம். ஆனா கம்பெனி மஸ்டர் ரோல்ல, அதான் ஆள் வருகைப் பதிவேடு, அதுல பேர் இருக்கணும். பீஸ் ரேட்டுக்கு கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆளுக்கு மஸ்டர் ரோல் ஏதுங்க? நவம்பர் 21-ல இருந்து புது தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துருச்சு, அதுல ஆள் குறைப்பு பண்ணினா அந்த ஆளுக்கு 15 நாள் சம்பளத்த கம்பெனி ஒரு நிதியில கட்டணும், 45 நாளுக்குள்ள அது தொழிலாளி அக்கவுண்டுக்கு வரணும்னு போட்டிருக்காங்க, படிக்கறப்ப நல்லாத்தான் இருக்குது. எங்களத்தான் யாரும் குறைக்கவே இல்லியே. "கூப்பிடறோம்"ன்னு சொன்னா எந்த சட்டத்துலயும் வராது, லே-ஆஃப்பும் இல்ல, ஆள் குறைப்பும் இல்ல.

சர்க்கார் கணக்குலயும் வரமாட்டோம் போல. வேலையில்லாதவங்க எத்தன பேர்னு சர்வே எடுக்கறாங்கல்ல, அதுல வாரக் கணக்குன்னு ஒண்ணு இருக்குது, முந்தின ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலே வேலையில இருக்கறவங்கன்னு எடுத்துக்குவாங்களாம். காலேஜ்ல பொருளாதாரம் படிக்கற என் பொண்ணுதான் சொன்னா, சொல்லிட்டு "அம்மா நீ போன வாரம் எதுத்த வீட்டு அக்காவுக்கு ஜாக்கெட் தச்சு குடுத்தீல்ல, நீ வேலையில இருக்க"ன்னு சிரிக்கறா. சிரிச்சுக்கிட்டோம். அப்புறம் டிவில வேலையில்லாத் திண்டாட்டம் குறைஞ்சிருக்குன்னு யாராவது சதவீதம் சொன்னா சேனல மாத்திருவேன்.

எல்லாரும் கேக்கறது, வேற வேலைக்கு போக வேண்டியதுதானேன்னு. போறாங்க. உள்நாட்டு பனியன் கம்பெனிக்கு போறாங்க, அங்க ஜட்டி பனியன் தைக்க ஏற்கனவே ஆள் இருக்குது, எக்ஸ்போர்ட்ல இருந்து ஆள் வந்து நின்னதும் ரேட்டு தானா இறங்குது, இதுல அங்க இருக்கறவங்களுக்கும் எங்க மேல கோவம், அது நியாயமான கோவம். ஐரோப்பா ஆர்டர் இருக்கற கம்பெனில ஆள் எடுக்கறாங்க, ஆனா அங்க முப்பது வயசுக்கு கீழ கேக்கறாங்க, வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, ட்ரையல் தைக்க சொல்லி பாத்துட்டு "சொல்றோம்"ன்னு அனுப்பிருவாங்க. வீட்டுக்காரர் லோடு ஏத்தற வேலைக்கு போய்ட்டு வந்து முதுகு புடிச்சுக்கிட்டு படுத்துட்டார், வருசக்கணக்கா நின்னுக்கிட்டே அயர்ன் பண்ணின உடம்பு அது. ஒடிசா, பீகார் பசங்க எங்க லைன் வீட்டுல வரிசையா இருந்தாங்க, தீபாவளிக்கு முன்னாடியே பாதிப் பேர் ரயிலேறிட்டாங்க, அவங்களுக்கு ஊருக்குப் போனா சொந்த வீடாவது இருக்குது. எங்களுக்கு ஊர்ல இருந்து போன் வரும், "பேசாம இங்க வந்துருங்க"ன்னு, வந்து என்ன பண்றதுன்னு கேட்டா அவங்ககிட்டயும் பதில் இல்ல. பொண்ணு இங்க படிக்குது, பையன் பத்தாவது, பாதியில எப்படி கிளம்பறது.

மளிகைக்கடை அண்ணன் நோட்டுல எழுதிக்கறார், ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா நான் போனா முன்னாடி மாதிரி பேச்சு குடுக்கறதில்ல. ரேசன் அரிசி இருக்கறதால அடுப்பு எரியுது, மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருது, அது வந்த அன்னிக்கே கரண்ட் பில்லுக்கோ கேசுக்கோ போயிரும். பகல்ல வீட்டுல இருக்கறதே ஒரு மாதிரி இருக்குதுங்க, லைன் வீட்டுல பகல்ல சத்தமே இருக்காது, எல்லாரும் கம்பெனிக்கு போயிருப்போம், இப்ப எல்லா வீட்டு வாசல்லயும் ஆள் உக்காந்திருக்கு, புருசன் பொண்டாட்டி சண்டையும் பகல்லயே கேக்குது. ஆம்பளைங்க குடி ஜாஸ்தி ஆயிருக்கு, காசு எங்க இருந்து வருதுன்னு மட்டும் கேக்காதீங்க.

இனி கடன் விசயத்துக்கு வர்றேன். ஏற்றுமதியாளருங்களுக்கு உதவி பண்ணாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன், அவங்க கம்பெனி மூடினா நாங்க எங்க போறது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சத வரிய ஆகஸ்ட்ல எடுத்தாங்க, டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க, நல்லது. நவம்பர்ல மத்திய அரசு 20,000 கோடி ரூபாய்க்கு அடமானம் இல்லாத கடன் தர கேரண்டி ஸ்கீம் அறிவிச்சுது, கம்பெனி கட்டலேன்னா அரசு பொறுப்பு. ரெண்டு நாள்ல ரிசர்வ் வங்கி, ஏற்றுமதி பண்றவங்க செப்டம்பர் 1-ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் கட்ட வேண்டிய தவணைய தள்ளி வச்சுக்கலாம்னு சொல்லிருச்சு. பேப்பர்ல படிச்சதும் நான் போன எடுத்து குழு தலைவி அக்காவுக்கு அடிச்சேன், நமக்கும் இருக்குமான்னு. இல்ல. ஏற்றுமதி பண்றவங்களுக்கு மட்டும்தான், ஏற்றுமதிய தைக்கறவங்களுக்கு இல்ல.

2020 கொரோனா சமயத்துல இப்படி இல்லீங்க. அப்ப மார்ச்ல ரிசர்வ் வங்கி தவணைய தள்ளி வச்சப்ப பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி, வீட்டு லோன், வண்டி லோன், குழு லோன்னு எல்லாத்துக்கும் பொதுவா சொன்னாங்க, ஆகஸ்ட் வரைக்கும் போச்சு. வட்டி ஏறுச்சுதான், சில மைக்ரோ பைனான்ஸ்காரங்க அதையும் மதிக்காம வாசல்ல வந்து நின்னாங்கதான், ஆனா கையில காட்ட ஒரு உத்தரவு இருந்துச்சு. இந்தத் தடவை அதே ரிசர்வ் வங்கி, அதே மாதிரி ஒரு உத்தரவு, அதுல எங்கள சேக்க என்ன கஷ்டம்? என் கம்பெனி எதுன்னு இஎஸ்ஐ கணக்குல இருக்குது, எனக்கு சம்பளம் எந்த மாசம் குறைஞ்சுதுன்னும் அதுலயே இருக்குது, யார் உண்மை யார் பொய்னு ஒரு பட்டன் தட்டினா தெரிஞ்சுரும். கடன் வசூல்ல கெடுபிடி பண்ணக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 2025-ல சட்டம் போட்டாங்க, நல்ல சட்டம்தான், ஆனா அது மிரட்டறதுக்குத்தான், தவணை அப்படியேதான் நிக்குது. வாரா வாரம் கூட்டத்துல ஒருத்தி கட்டலேன்னா மத்தவங்க சேந்து கட்டணும், எல்லாரும் ஒரே கம்பெனில ஒரே நாள்ல வேலை நின்னவங்க, யார் யாருக்கு கட்டறது? காது கம்மல் எல்லாம் அடகுக் கடைக்கு போயாச்சு. தங்கம் வெலை ஏறினது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஒரு விசயத்துல உதவுச்சுன்னு வேணா சொல்லலாம்.

இப்ப இஎஸ்ஐ. இத கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

இஎஸ்ஐன்னா மருந்து மாத்திரை, பிரசவ லீவு, இதுக்குத்தான்னு நாங்க நெனச்சிருந்தோம். வேலை போனாலும் அதுல பணம் உண்டுங்க. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு பேரு, 2018 ஜூலையில இருந்து இருக்குது. மொதல்ல சராசரி தினக்கூலில 25 சதம் தந்தாங்க, 2020-ல அத 50 சதம் ஆக்கினாங்க. 90 நாள் வரைக்கும் கிடைக்கும், ஆயுசுக்கு மொத்தமே அந்த 90 நாள்தான். ரெண்டு வருசம் இஎஸ்ஐல இருந்திருக்கணும், வேலை போறதுக்கு முந்தின சந்தா காலத்துல (ஆறு மாசம் ஒரு சந்தா காலம்) 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும், அந்த ரெண்டு வருசத்துல இன்னொரு சந்தா காலத்துலயும் 78 நாள் இருக்கணும். வேலை போய் 30 நாள் ஆனதும் கேக்கலாம், கம்பெனி மூலமா போகணும்னு இல்ல, நாமளே ஆன்லைன்லயோ பிராஞ்ச் ஆபீஸ்லயோ குடுக்கலாம். தினக்கூலி 500 ரூபாய்னு வச்சாலும் 90 நாளுக்கு 22,500 ரூபாய் வருது. எங்க குழுவுல அந்தப் பணத்துக்கு எத்தன தவணை அடையும்னு பாருங்க.

எங்க லைன்ல இத்தன டெய்லருங்க இருக்கோம், ஒருத்தருக்கும் இது தெரியாது. கம்பெனில பாலியல் தொந்தரவு புகாருக்கான போஷ் கமிட்டி போர்டு இருக்குது, தீயணைப்பு போர்டு இருக்குது, பையர் ஆடிட் வர்ற அன்னிக்கு எல்லா போர்டையும் தொடச்சு வைப்பாங்க, இதுக்கு மட்டும் ஒரு போர்டு இல்ல. எனக்கு தெரிஞ்சது எப்படின்னா, இன்னொரு கம்பெனில ஆபீஸ் வேலை பாக்கற சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் சொன்னான். அவன் இன்னொண்ணும் சொன்னான், அது இன்னும் முக்கியம். மாசா மாசம் கம்பெனி இஎஸ்ஐ சந்தா ஆன்லைன்ல ஏத்தறப்ப ஒரு ஆளுக்கு அந்த மாசம் வேலை நாள் சைபர்னா காரணம் ஒண்ணு போடணும், அதுல ஒரு லிஸ்ட் இருக்குது, லீவு, வேலைய விட்டுட்டார், ஆள் குறைப்பு, வேலை இல்ல, இப்படி. பெரும்பாலும் பசங்க யோசிக்காம "வேலைய விட்டுட்டார்"னு தட்டிருவாங்களாம். தானா வேலைய விட்டவங்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையில போனவங்களுக்கும், ரிட்டயர் ஆனவங்களுக்கும் இந்தப் பணம் கிடையாது. கிளார்க் பையன் அவசரத்துல எதத் தட்டறான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?

அதுக்கும் முன்னாடி ஒரு விசயம் இருக்குது, இஎஸ்ஐயே இல்லாத ஆளுங்க. பத்து பேர் இருந்தாலே பேக்டரிக்கு இஎஸ்ஐ கட்டாயம், மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க எல்லாரும் வருவாங்க. தொழிலாளி பங்கு 0.75 சதம், கம்பெனி பங்கு 3.25 சதம், 2019 ஜூலைல குறைச்சதே இது, முன்னாடி இன்னும் ஜாஸ்தி. இந்த 3.25-ஐ மிச்சம் புடிக்கத்தான் பாதிப் பேர காண்ட்ராக்ட் கணக்குல காட்டறது, இருக்கறவங்களுக்கும் வேலை நாள குறைச்சு காட்டறது. எங்க மேலயும் குத்தம் உண்டு, பீஸ் ரேட்டுல இருக்கற பல பேரு "புடிக்காதீங்கண்ணா, கைல முழுசா குடுங்க"ன்னு சொல்லிருவாங்க, ஆர்டர் ஓடறப்ப நாளைக்கு நின்னுரும்னு யாருக்கு தோணும். ஆனா தொழிலாளிக்கு வேணாம்னாலும் கட்டணும்கறதுதான சட்டம், அத பாக்கத்தான இன்ஸ்பெக்டர் இருக்கார்.

பிஎஃப் பத்தியும் ஒரு வார்த்தை. வேலை இல்லாம ரெண்டு மாசம் ஆனா முழுசா எடுத்துக்கலாம்னு இருந்துச்சு, அத மாத்தி 75 சதம் உடனே, மீதி 25 சதம் பன்னண்டு மாசம் கழிச்சுன்னு அக்டோபர்ல முடிவு எடுத்திருக்காங்க. பின்னாடி பென்சனுக்கு உதவும்னு காரணம் சொல்றாங்க, அதுவும் சரியா இருக்கலாம், எனக்கு இப்ப வாடகை குடுக்கணும்.

வயசானவங்க சொல்லுவாங்க, திருப்பூர் இதெல்லாம் பாத்த ஊருன்னு. 2008-ல அமெரிக்கா படுத்தப்ப படுத்துச்சு, 2011 ஜனவரியில நொய்யல் சாயக்கழிவு கேஸ்ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னப்ப ஊரே நின்னுச்சு, அப்புறம் பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா, நூல் வெலை. ஒவ்வொரு தடவையும் ஊரு எந்திரிச்சுருச்சு, அது நெசம். ஆனா 2011-ல என் கூட மெஷின்ல உக்காந்திருந்தவங்கள்ல பல பேரு திரும்பி வரவே இல்லீங்க, ஊருக்கு போனவங்க அங்கயே கூலிக்கு போயிட்டாங்க, சில பேரு கடனுக்கு பயந்து எங்க போனாங்கன்னே தெரியல, அவங்க எடத்துல புது ஆள் வந்து உக்காந்தாங்க, எக்ஸ்போர்ட் கணக்கு மறுபடி ஏறுச்சு, பேப்பர்ல திருப்பூர் மீண்டதுன்னு போட்டாங்க. எந்திரிச்சது ஊருதான். வரி இறங்கினா சந்தோசம்தான். இந்த மூணு நாலு மாசத்துல சேந்த கடன் அதோட சேந்து இறங்காது.

அதனால நான் கேக்கறது இவ்வளவுதான். அரசு கேரண்டில கடன் வாங்கற கம்பெனி, வேலை நின்ன ஆளுக்கு இஎஸ்ஐல "வேலை இல்ல"ன்னு சரியான காரணத்த போட்டே ஆகணும்னு ஒரு கண்டிசன் வைக்கட்டும், கம்பெனிக்கு பைசா செலவு இல்ல. 2020 மாதிரி எங்க குழு லோனையும் தள்ளி வைக்கட்டும், வட்டி வேணும்னா கட்டறோம். இஎஸ்ஐ ஆபீஸ்காரங்க கம்பெனி கம்பெனியா போக முடியாதுன்னா அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர், மங்கலம்னு லைன் வீடு இருக்கற பக்கம் ஒரு கேம்ப் போடட்டும், தமிழ்ல பாரம் வைக்கட்டும், ஒடிசா பீகார் பசங்களுக்கு ஹிந்தியில சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும். சாயங்காலம் போடாதீங்க, கெடச்ச வேலைக்கு போனவங்க வர எட்டரை ஆயிரும், ஞாயித்துக்கிழமை காலைல போட்டா எல்லாரும் வருவோம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த லெட்டர போடறதா இருந்தா ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போடுங்க, அன்னிக்குத்தான் எங்க பக்கத்து டீக்கடைல பேப்பர் நாலஞ்சு கை மாறும். என் பேர் வேண்டாம்ங்க, கம்பெனில இருந்து கூப்பிடுவாங்கன்னு இன்னும் எதிர்பாத்துட்டுத்தான் இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு பேட்லாக் டெய்லர்,
திருப்பூர்.